இரண்டு பெட்டியும் ஒரே இடத்தில் கருகிய லொறி: தலவாக்கலையில் ஒரு எஞ்சின் கம்பியூட்டர் மாற்றம்

வண்டி 2004-ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த பதினாலரை அடி லொறி. நாலு சிலிண்டர், டர்போ, கொமன் ரெயில் டீசல் எஞ்சின் (ரெயில் என்கிற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் டீசல் போகும்), 24 வோல்ட். கந்தப்பளை, ராகலைப் பக்கத்து கரட்டையும் லீக்ஸையும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு இறங்கும். திரும்பும்போது வெறும் வண்டியாக வராமல் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றி வரும். இந்த உர விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முறைப்பாடு இதுதான்: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியை ஓன் பண்ணினால் டாஷ்போர்டில் எரிய வேண்டிய மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவதே இல்லை. பிழைக் குறிகளை வாசிக்கும் ஸ்கேனரைக் கொழுவினால் எஞ்சின் பக்கத்திலிருந்து எந்தப் பதிலும் இல்லை.

எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இதே வண்டி இதே முறைப்பாட்டோடு வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே, எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று தீர்மானிக்கிற கம்பியூட்டர் பெட்டி செத்துவிட்டது என்று சொல்லி, பாவித்த பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். வண்டியும் ஓடியது. சில வாரங்கள்தான். ஒருநாள் காலை பழைய கதை மறுபடியும் வந்துவிட்டது. "வாங்கின பெட்டி சரியில்ல, இன்னொன்னு எடுங்க" என்பதுதான் அங்கே கிடைத்த பதில். லொறிக்கார அண்ணன் வண்டியை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தபோது கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இன்னொரு பெட்டி வாங்குறதுன்னா கடன்தான். வாங்கலாம். ஆனா இது பெட்டிதானா, இல்ல வேற ஏதாவதா, அத மட்டும் நிச்சயமா சொல்லுங்க."

நியாயமான கேள்வி. பெட்டி மாற்றுகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் தேடுகிறார்கள். பெட்டி செத்துவிட்டதா என்று பார்க்கிறார்கள், எதனால் செத்தது என்று பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025-இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் மலையகத்தின் மரக்கறியையும் உரத்தையும் சுமந்தவை இந்த மாதிரிப் பழைய லொறிகள்தான். இன்னும் சுமக்கின்றன. இருபது வயதான எலக்ட்ரோனிக் பெட்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கும்போது "இன்னொன்று பூட்டிப் பார்ப்போம்" என்பது வேலை செய்யும் முறை ஆகாது.

மீற்றரை எடுப்பதற்கு முன் வண்டியின் வரலாற்றைக் கேட்டோம். பக்கப் பலகைச் சட்டங்களுக்கு வெல்டிங் போட்டாயிற்று. போட்டபோது பற்றரி வயர் கழற்றப்படவில்லை. பற்றரி இரண்டில் ஒன்று மட்டும் புதிது. கெபினில் ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே பற்றரியிலிருந்து வயர் எடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் முன்கண்ணாடி ரப்பர் ஓரமாகத் தண்ணீர் ஒழுகும். இந்த நாலுமே மலைநாட்டு லொறிகளில் சாதாரணமாகக் காண்பவை, நாலுமே கம்பியூட்டருக்கு நல்லதல்ல. ஆனால் எதையும் குற்றவாளியாக்க அப்போது கையில் சான்று இல்லை.

முதலில் பெட்டிக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தோம். இங்கே மீற்றரை மட்டும் நம்பக் கூடாது. ஒரேயொரு செப்பு இழையில் தொங்குகிற வயரும் மீற்றரில் 24 வோல்ட் காட்டும். அதனால் 24 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றைச் சுமையாக வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கொஞ்சம் குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். கெனெக்டரில், பெட்டிக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலே வழியாக வரும் கரண்டில் பல்ப் பளிச்சென்று எரிந்தது. பற்றரி பிளஸ்ஸுக்கும் பெட்டியின் ஏர்த் முனைக்கும் (கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் முனை) இடையில் வைத்தபோதும் அப்படியே எரிந்தது. சரி, வரவும் போகவும் பாதை இருக்கிறது.

அடுத்தது சென்சர்களுக்குப் பெட்டி கொடுக்கிற 5 வோல்ட். அது இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பெட்டிக்கு மரணச் சான்றிதழ் எழுதக் கூடாது. ஒரு சென்சரோ அதன் வயரோ ஏர்த்தில் பட்டுக்கொண்டிருந்தால் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும், நல்ல பெட்டியும் செத்த மாதிரிக் கிடக்கும். ரெயில் பிரஷர் சென்சர், டர்போ பிரஷர் சென்சர், ஆக்ஸிலேட்டர் பெடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். கடைசிச் சென்சர் கழன்ற பிறகும், வயர்கள் ஏர்த்தில் படவில்லை என்று பார்த்த பிறகும் 5 வோல்ட் வரவில்லை. பெட்டி செத்ததுதான். அண்ணனின் கேள்வியில் முதல் பாதிக்குப் பதில் கிடைத்தாயிற்று.

பெட்டியைத் திறந்தோம். மூடியைச் சுற்றிப் பசை போட்டு அடைத்திருக்கும், அவசரமாக நெம்பினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வளைந்து விரியும். மெல்லிய பிளேட்டால் சுற்றிவர அறுத்து எடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் போன தடம் இல்லை. பின்கள் மஞ்சளாகச் சுத்தமாகவே இருந்தன. ஆனால் கெனெக்டருக்குப் பக்கத்தில், ஏர்த் பின்கள் போர்டில் இறங்கும் இடத்திலிருந்து பெட்டியின் உலோகக் கூட்டோடு போர்டு சேரும் திருகாணி வரைக்கும், ஒரு கோடு கறுத்துப் போயிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் செப்புப் பாதை நடுவில் ஆவியாகிப் போய், இரண்டு முனையிலும் சின்னச் சின்ன உருண்டையாகச் செம்பு திரண்டிருந்தது. போர்டின் பச்சைப் பூச்சு அந்த இடத்தில் கொப்புளித்து வெடித்திருந்தது.

இதைப் பார்த்ததும் அண்ணனிடம் கேட்டோம், வண்டியோடு வந்த முதல் பெட்டி எங்கே என்று. நல்ல வேளை, அதை வீசவில்லை. வீட்டில் அரிசிச் சாக்குக்குள் கிடந்தது. மகன் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான்.

அதையும் திறந்தோம். திறந்தவுடன் மீன் வாடை. பழைய பெட்டிகளில் மின்னைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒழுகினால் இந்த வாடை வரும். ஒழுகுகிற திரவம் செப்புப் பாதையை மெல்ல மெல்லத் தின்னும். இரண்டு கெபாசிட்டரின் அடியில் பாதை மங்கிக் கறுத்திருந்தது. வாடையை மட்டும் வைத்து, வயசாகிச் செத்தது என்று முடித்திருக்கலாம். ஆனால் ஏர்த் பின்னிலிருந்து கூட்டுத் திருகாணி வரைக்கும் அதே கறுத்த கோடு இங்கேயும் இருந்தது. வெவ்வேறு வண்டியில் பிறந்த இரண்டு பெட்டிகள் இந்த லொறியில் ஒரே இடத்தில் எரிந்திருக்கின்றன. அப்படியென்றால் குறை பெட்டியில் இல்லை, வண்டியில்.

ஏர்த் பாதை எரிவதென்றால் அதன் வழியே போகக் கூடாத அளவு கரண்ட் போயிருக்க வேண்டும். கம்பியூட்டருக்குத் தேவையான கரண்ட் சில ஆம்பியர்தான். அந்த வண்டியில் அவ்வளவு பெரிய கரண்டை இழுக்கிற சாமான் ஒன்றுதான்: ஸ்டார்ட்டர். இந்த அளவு டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்பியர் எடுக்கும். அந்தக் கரண்ட் பற்றரி பிளஸ்ஸிலிருந்து தடித்த கேபிளில் வந்து, ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, எஞ்சின் கட்டையின் வழியாகத் திரும்ப வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, சேசியோடு நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் இணைப்பது பின்னல் செப்புப் பட்டை ஒன்று. அந்தப் பட்டை பலவீனமானால் கரண்ட் நின்றுவிடாது, வேறு வழி தேடும். இந்த வண்டியில் கம்பியூட்டரின் ஏர்த் வயர்கள் எஞ்சினில் முறுக்கப்பட்டிருந்தன, பெட்டியின் உலோகக் கூடு கெபினில் முறுக்கப்பட்டிருந்தது. எஞ்சினிலிருந்து ஏர்த் வயர், வயரிலிருந்து போர்டு, போர்டிலிருந்து கூடு, கூட்டிலிருந்து கெபின், சேசி, பற்றரி மைனஸ். ஸ்டார்ட்டர் கரண்டில் ஒரு பங்கு கம்பியூட்டருக்குள்ளால் வீடு திரும்பியிருக்கிறது.

இது ஊகமாகவே இருக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். கம்பியூட்டர் கெனெக்டரைக் கழற்றிவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் கட்டையிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னோம். சும்மா இருக்கும்போது பூச்சியம். சுற்றும்போது 3.4 வோல்ட். இந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. கணக்குப் பார்த்தால் விளங்கும்: 300 ஆம்பியர் ஓடும்போது நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் விழும். அதே நூறில் ஒரு பங்கு ஓமை எங்கள் பல்ப் கண்டுபிடிக்காது. ஒரு ஆம்பியருக்கு அது ஒன்றுமே இல்லை. ஏர்த் நல்லது என்று பல்ப் சொன்னது பொய்யல்ல, பல்ப் கேட்ட கரண்டுக்கு அந்த ஏர்த் போதும், அவ்வளவுதான்.

கெபினுக்குக் கீழே கையை விட்டபோது இன்னொரு சாட்சியும் கிடைத்தது. கியர் மாற்றும் கேபிளின் உறை சுட்டது. அது எஞ்சின் பக்கத்தையும் கெபினையும் உலோகத்தால் தொடுகிற இன்னொரு வழி. ஓரிடத்தில் அதன் பிளாஸ்டிக் உருகி மினுங்கியது. ஸ்டார்ட் பண்ணின கையோடு கியர் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சூடாக இருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் எஞ்சின் ஏர்த்தைப் பாருங்கள்.

பட்டையைக் கழற்றினோம். மேலே பார்க்க முழுசாகத்தான் இருந்தது, சேறும் பழைய கறுப்புப் பெயின்டும் மூடியிருந்தன. கையில் வைத்து வளைத்ததும் பின்னலுக்குள்ளிருந்து நீலப் பச்சைத் தூள் கொட்டியது. மீதமிருந்த இழைகள் விரலால் இழுத்தாலே அறுந்தன. சேசிப் பக்கம் முறுக்கிய இடத்தில் துரு தகடு தகடாக உரிந்தது.

இங்கேதான் உரம் வருகிறது. தேயிலைக்குப் போடுகிற உரக் கலவைகளில் யூரியாவும் சல்பேட் ஒஃப் அமோனியாவும் இருக்கும். சாக்கிலிருந்து சிந்துகிற தூள் பலகை இடுக்கால் சேசியில் விழும். மலைநாட்டு மழையும் மூடுபனியும் அதைக் கரைத்து எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும். அமோனியா உப்புக் கரைசல் செம்பைத் தின்பதில் கெட்டிக்காரத்தனமானது. மரக்கறி மட்டும் ஏற்றுகிற லொறியில் பத்து வருடம் தாங்குகிற பட்டை, உரம் ஏற்றுகிற லொறியில் அத்தனை காலம் தாங்காது. உரம் ஏற்றியவர்கள் பலகையைக் கழுவுகிறார்கள், சேசியை யாரும் கழுவுவதில்லை.

வெல்டிங்கையும் விட்டுவிட முடியாது. பற்றரி வயரையும் கம்பியூட்டர் கெனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் அடித்தால் அதுவும் இதே மாதிரிக் கரண்டை இதே பாதையில் அனுப்பக்கூடும். ஆனால் அண்ணன் சொன்ன ஒழுங்குப்படி வெல்டிங் நடந்தது முதல் பெட்டி போவதற்கு முன், அதன்பின் வண்டியில் வெல்டிங் நெருப்பே படவில்லை. ஆகவே முதல் பெட்டியில் வெல்டிங்குக்கும் பங்கு இருந்திருக்கலாம். இரண்டாவதைக் கொன்றது பட்டை மட்டும்தான்.

பெட்டி தேடுவதற்கு முன் ஏர்த் வேலையை முடித்தோம். சேசியில் முறுக்கும் இடத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல்லு வாஷர் போட்டு, ஈயம் பூசிய முனையோடு 50 சதுர மில்லிமீற்றர் கேபிள். பின்னலுக்குப் பதில் உறையுள்ள கேபிளைப் போட்டதற்குக் காரணம் உரம்தான். இரண்டாவதாக, ஸ்டார்ட்டர் போல்ட்டிலிருந்து நேரே பற்றரி மைனஸுக்கு இன்னொரு கேபிள். முறுக்கிய பிறகு மேலே கிரீஸ், முறுக்கும் முன் அல்ல. கம்பியூட்டரின் ஏர்த் வயர்களில் பச்சை ஏறிய பகுதியை வெட்டி, நல்ல செம்பு தெரியும் இடத்திலிருந்து புது வயர் இணைத்தோம். மறுபடி சுற்றிப் பார்த்தால் 0.3 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது. இதற்கு அப்புறம்தான் பெட்டி.

எரிந்த பாதைக்கு மேலால் வயர் போட்டு முதல் பெட்டியையே பிழைக்க வைக்க முடியாதா என்று அண்ணன் கேட்டார். பாதை மட்டும் அறுந்திருந்தால் முடியும். இதில் போர்டே கரியாகியிருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும், இன்றைக்கு ஓடுகிற வண்டி ரம்பொடை ஏற்றத்தில் நடுராத்திரியில் நிற்கும். லோடோடு அங்கே நிற்க வைக்கிற வேலையைச் செய்ய மனம் வரவில்லை.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையில், சரியில்லாவிட்டால் திருப்பித் தருவோம் என்று பேசி இரண்டு பெட்டிகள் எடுத்தோம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பாகம் எண் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே எஞ்சினாக இருந்தாலும் மெனுவல் கியருக்கும் ஓட்டோ கியருக்கும் பெட்டி வேறு, புகைக் கட்டுப்பாட்டு விதி மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் வேறு. "கொழுவுது, அதனால சரி" என்பது இங்கே செல்லாது.

முதலாவதைக் கொழுவிச் சாவியை ஓன் பண்ணினோம். எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் பேசியது, பிழைக் குறி இல்லை. பட்டறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் இலக்கங்களைப் பார்த்தே ஆக வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் தண்ணீர், காற்று, டீசல் மூன்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இருந்தது. ரெயில் அழுத்தம் பூச்சியம், சரி. காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்று காட்டியது. அது கொழும்புக் கடற்கரையின் அழுத்தம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம், இங்கே 88 பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 81 அளவு. காற்றழுத்த சென்சர் இந்தப் பெட்டியின் போர்டிலேயே இருக்கிறது. அது பழுதாகி, பெட்டி ஒரு நிரந்தர இலக்கத்தை வைத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது.

இதைக் கொழும்பில் பூட்டினால் யாருக்கும் தெரியவே வராது. மலையில் பூட்டினால், காற்று நிறைய இருக்கிறது என்று நினைத்து டீசலைக் கூட்டி அடிக்கும். ஏற்றத்தில் கரும்புகை, டர்போவுக்கு அளவுக்கு மீறிய சூடு, டீசல் செலவு. மூன்று மாதம் கழித்து இன்ஜெக்டர் பழுது என்று யாராவது சொல்லுவார்கள். மலைநாட்டில் பாவித்த பெட்டி வாங்குகிறவர்கள் இந்த ஒரு இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். முதலாவதைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது 88 காட்டியது.

பெட்டிக்குள் எழுத வேண்டியது இன்னும் ஒன்று. கொமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் டீசல் விடுகிற அளவில் இம்மி வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் குறியீடு இன்ஜெக்டரின் தலையில் அச்சிடப்பட்டிருக்கும், அதைக் கம்பியூட்டருக்கு ஊட்ட வேண்டும். இல்லையென்றால் வேறு வண்டியின் இன்ஜெக்டர் கணக்கில் இந்த எஞ்சின் ஓடும்: ஐட்லிங்கில் நடுக்கம், தட்டுகிற சத்தம், புகை. சுலபமான வழி, வண்டியோடு வந்த முதல் பெட்டியின் நினைவகச் சில்லைக் கழற்றி வாசித்து அப்படியே மாற்றி எழுதுவது. வாசித்தோம், ஆனால் அப்படியே எழுதவில்லை. இன்ஜெக்டர் தலைகளோடு ஒப்பிட்டபோது மூன்றாம் சிலிண்டரின் குறியீடு பொருந்தவில்லை. எப்போதோ அந்த இன்ஜெக்டரை மாற்றியவர்கள் குறியீட்டை ஊட்டாமல் விட்டிருக்கிறார்கள். தலையில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். நாலையும் ஸ்கேனர் வழியாகப் புதிதாக எழுதினோம்.

இந்த வேலையில் கையை வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்ஜெக்டரைத் திறக்கக் கம்பியூட்டர் 24 வோல்ட்டை நூறு வோல்ட் அளவுக்கு உயர்த்தி அடிக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த வயர்களில் விரலோ சாதாரண டெஸ்ட் பல்போ வைக்கக் கூடாது. கெனெக்டரைக் கழற்றுவதென்றால் சாவியை ஓஃப் பண்ணி, மெயின் ரிலே விழும் சத்தம் கேட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கழற்றுங்கள்.

ஸ்டார்ட் பண்ணினோம். ரெயில் அழுத்தம் ஏறி 30 மெகாபாஸ்கலை நெருங்கியதும் எஞ்சின் பிடித்தது. முதல் நிமிடங்களில் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கியது, டீசல் பம்பைப் பெட்டி பழகிக்கொள்கிற நேரம் அது. சூடாகும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டோம், தானாக அமர்ந்தது.

சோதனை ஓட்டம் லோடோடுதான். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு, பிரதான வீதியால். அண்ணன் ஓட்ட, ஸ்கேனர் என் மடியில். ஏற ஏறக் காற்றழுத்தம் 88, 86, 84 என்று இறங்கிக்கொண்டே போனது. கரும்புகை இல்லை. "முந்தி இந்த வளைவுல ரெண்டாவதுக்கு எறக்கணும் தம்பி" என்றார் அண்ணன், மூன்றாவதிலேயே வைத்துக்கொண்டு. மூன்றாம் சிலிண்டரின் குறியீடு சரியானதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்கண்ணாடி ரப்பரை மாற்றி, குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். வயர்க்கட்டு பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு வருமாறு கட்டினோம். தண்ணீர் ஒழுகினாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், கெனெக்டர் வரை போகாது. செத்த பெட்டிகளில் ஈரம் இல்லைதான், ஆனாலும் புதுப் பெட்டியை ஒழுகும் கெபினில் விட முடியாது.

தென்மேற்குப் பருவ மழை முழுக்க ஓடிய பிறகு வண்டி சேர்விஸுக்கு வந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது ஏர்த் வீழ்ச்சி அதே 0.3 வோல்ட். பிழைக் குறி இல்லை. உரம் இறக்கியதும் சேசியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதை அண்ணன் பழக்கமாக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் பச்சை ஏறவில்லை.

மீதமிருந்தது ரேடியோ வயர். ஒரே பற்றரியிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் அது எப்போதும் குறைச் சார்ஜிலும் மற்றது கூடிய சார்ஜிலும் நிற்கும், இரண்டுமே காலத்துக்கு முன் போகும். பற்றரி முனை தளர்ந்து, ஓடும்போது தொடர்பு விட்டால் அல்டர்னேட்டர் நூறு வோல்ட்டைத் தாண்டிய அடியை வயரிங்குக்குள் விடும், அதுவும் கம்பியூட்டரைக் கொல்லக்கூடியது. அந்த வயரைக் கழற்றி, 24-இலிருந்து 12 ஆக்கும் கொன்வேர்ட்டர் ஒன்று பூட்டி, பற்றரி இரண்டையும் ஒரே வயதுச் சோடியாக மாற்றி, முனைகளை முறுக்கி அனுப்பினோம்.